கண்ணாடிப் பெட்டிக்குள் வேண்டாம் அந்த ரயில்

1896ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 29ஆம் தேதி, தமையனாரின் கல்லூரிச் சம்பளத்துக்கென்று கைக்கு வந்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டையும் ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டு மதுரையில் ரயிலேறிய, பின்னாளில் ரமண மகரிஷி என்று அறியப்பட்ட பதினாறு வயது வேங்கடராமன், திண்டிவனம் வரைக்கும் இரண்டு ரூபாய் பதின்மூன்று அணா கொடுத்துச் சீட்டு வாங்கினார் என்பதும், அவர் பார்த்துவிட்டு வந்த தேசப்படம் பழையதாகையால் விழுப்புரத்திலிருந்து நேராகத் திருவண்ணாமலைக்கே போகும் பாதை அதில் இல்லை என்பதும், வண்டியிலிருந்த ஒரு மௌல்வி சொல்லித்தான் அப்படியொரு பாதை போட்டிருக்கிறது என்று அவருக்குத் தெரியவந்தது என்பதும் ரமண சரித்திரத்தை வாசித்தவர்கள் யாவரும் அறிந்த விஷயங்கள். விழுப்புரத்தில் இறங்கி, எஞ்சிய சில்லறைக்கு மாம்பழப்பட்டு வரையில் பிரயாணம் செய்து, அங்கிருந்து அறையணிநல்லூருக்கு நடந்து, கீழூரில் காதுக் கடுக்கனை நான்கு ரூபாய்க்கு அடகு வைத்து, மறுபடியும் ரயிலேறிச் செப்டம்பர் முதல் தேதி காலையில் அவர் திருவண்ணாமலை ஸ்டேஷனில் வந்து இறங்கினார்.

அந்தப் பிரயாணத்தின் ஆன்மிக மகத்துவத்தைப் பற்றிப் பேசுவதற்குத் தகுதியுள்ளவர்கள் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் ஏராளமாக இருக்கிறார்கள். அதில் புகுந்து நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வந்தது அந்த ரயில்பாதையைப் பற்றி. பகவான் வீற்றிருந்த சோபாவைப் பழைய ஹாலில் எவ்வளவோ பக்தி சிரத்தையோடு காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஆனால் அவரை இங்கே கொண்டுவந்து சேர்த்ததும், அதன் பிறகு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் ஜனங்களைச் சுமந்து வந்ததுமான மீட்டர்கேஜ் பாதைக்கு ஞாபகச் சின்னம் என்று சொல்லும்படியாக ஒன்றும் இந்த ஊரில் என் கண்ணில் பட்டதில்லை. காட்பாடிக்கும் விழுப்புரத்துக்கும் இடையிலுள்ள 161 கிலோமீட்டரும் இப்போது அகலப்பாதையாகிவிட்டது. அது நல்லதுதான், பழைய பாதை போயிற்றே என்று அழுகிறவனல்ல நான். ஆயினும் போனதை ஞாபகப்படுத்த ஏதாவது செய்ய வேண்டும் என்ற யோசனை என்றைக்காவது ஒரு நாள் யாருக்காவது தோன்றத்தான் போகிறது. தோன்றியவுடனே என்ன செய்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும் என்பதால், முந்திக்கொண்டு என் அபிப்பிராயத்தை எழுதிவைக்கிறேன்.

வழக்கமாகச் செய்யப்படுவது இரண்டிலொன்று. எங்கேயோ கிடக்கும் ஒரு பழைய எஞ்சினைக் கொண்டுவந்து, மேடை கட்டி, ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி, வர்ணம் பூசி, சுற்றிலும் சங்கிலி போட்டுவிடுவது ஒரு முறை. வெயிலும் மழையும் அதை உள்ளிருந்து தின்ன, சக்கரம் எப்படிச் சுழன்றது, பிஸ்டன் எதைத் தள்ளிற்று என்று அதைப் பார்த்து ஒரு குழந்தையும் தெரிந்துகொள்வதில்லை. தெரிந்துகொள்வதெல்லாம் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்பதுதான். மற்றொரு முறை, காண்ட்ராக்டர் ஒருவரிடம் பணத்தைக் கொடுத்து, பச்சைத் தூள் தூவிய மலையும் பிளாஸ்டிக் மரமும் அசையாத ரயிலுமாக ஒரு மாதிரியைச் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, பிரமுகரைக் கொண்டு திறந்துவைப்பது. திறப்புவிழாப் பலகையில் பெயர்கள் எல்லாம் பொடி எழுத்தில் நிறைந்திருக்கும். ரயில் மட்டும் நகராது.

இவ்விரண்டும் வேண்டாம் என்பது என் கட்சி. வேண்டுவது, விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வரையிலான மீட்டர்கேஜ் பாதையைச் சிற்றுருவில் அமைத்து, டிஜிட்டல் முறையில் இயக்கி, எஞ்சின்களைப் பிரித்து மாற்றிப் பழுது பார்க்கும் பணிமேஜையையும் ஜனங்கள் கண்ணெதிரிலேயே வைத்திருக்கும் ஒரு கூடம். அதைச் செய்ய வேண்டியவர்கள் இம்மாவட்டத்துப் பாலிடெக்னிக்குகளிலும் ஐ.டி.ஐ.களிலும் படிக்கும் பிள்ளைகள்.

சிற்றுருவ ரயில் என்றதும் பொம்மைதானே என்று பெரியவர்கள் சிரிப்பது உண்டு. ஜெர்மனியின் மெர்க்லின் கம்பெனி 1891இல் லைப்சிக் சந்தையில் சாவி கொடுத்தால் ஓடும் ரயிலைத் தண்டவாளத்தோடு சேர்த்துக் காட்டியபோது அது பொம்மைதான், ஐயமில்லை. ஆனால் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்லூரியில் 1940களில் மாணவர்கள் தொடங்கிய மாதிரி ரயில் சங்கத்தை யாரும் பொம்மைச் சங்கம் என்று சொல்லத் துணியமாட்டார்கள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பயன்படும் ரிலேக்களைச் சேகரித்து, தங்கள் மேஜைக்கு அடியில் வலைபோலப் பின்னி, டெலிபோனில் எண் சுழற்றுவது போலவே சுழற்றி ரயிலை இயக்கிப் பழகிய அந்தப் பிள்ளைகளில் சிலர்தாம், கல்லூரிக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது இரவெல்லாம் அதன் முன்னால் உட்கார்ந்து, அதுவரைக்கும் யாரும் கேட்டிராத காரியங்களை அதைக் கொண்டு செய்வித்தவர்கள். மேஜைக்கு மேலே ஓடிய ரயிலைவிட மேஜைக்கு அடியில் ஓடிய கம்பிகளிடம் அவர்கள் கற்றுக்கொண்டது அதிகம்.

நம் நாட்டிலும் இக்கலை அடியோடு இல்லாததல்ல. புனேயின் கோத்ரூட் பகுதியில் பாவ் ஜோஷி என்பவர் வாழ்நாள் முழுவதும் உழைத்து உருவாக்கிய சிற்றுருவ ரயில் நகரம் 1998 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. குழந்தைகளை அழைத்துப் போகத்தக்க இடம். ஆனால் அங்கே ஓடுபவை பெரும்பாலும் மேல்நாட்டு வண்டிகள். பெரம்பூரில் 1955 முதல் ரயில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டிருப்பதும், பொன்மலைப் பணிமனையில் நீலகிரி மலை ரயிலுக்காக இந்த நூற்றாண்டிலும் புதிய நீராவி எஞ்சின்களைச் செய்து காட்டியதுமான தமிழ்நாட்டில், நம்முடைய மீட்டர்கேஜ் எஞ்சின் ஒன்றின் ஓடும் மாதிரியைக் கடையில் விற்று நான் கண்டதில்லை.

இனி டிஜிட்டல் என்றேனே, அது என்ன என்று சொல்ல வேண்டும். பழைய முறையில் தண்டவாளத்துக்குப் பன்னிரண்டு வோல்ட் வரையில் மின்சாரம் கொடுப்பார்கள். குமிழைத் திருகி வோல்டேஜைக் கூட்டினால் ரயில் வேகமாகப் போகும், குறைத்தால் மெதுவாகப் போகும், மின்னோட்டத்தின் திசையை மாற்றினால் பின்னால் வரும். இதில் உள்ள சங்கடம், அந்தத் தண்டவாளத்தின்மேல் நிற்கும் எஞ்சின் ஒவ்வொன்றும் சேர்ந்தே நகரும் என்பது. ஒன்றை நிறுத்தி இன்னொன்றை ஓட்ட வேண்டுமானால் பாதையைத் துண்டு துண்டாக வெட்டி, துண்டுக்கொரு சுவிட்ச் வைத்து, அவற்றை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதாவது, ஆளப்படுவது பாதைதானே ஒழிய எஞ்சின் அல்ல. ஜெர்மனியில் லென்ஸ் என்னும் நிறுவனம் 1980களின் பிற்பகுதியில் வகுத்ததும், அமெரிக்காவின் தேசிய மாதிரி ரயில் சங்கம் 1990களில் பொதுத் தரமாக ஏற்று யார் வேண்டுமானாலும் பின்பற்றிக்கொள்ளட்டும் என்று வெளியிட்டதுமான டிஜிட்டல் கமாண்ட் கண்ட்ரோல் முறை இதைத் தலைகீழாக்கிற்று.

இந்த முறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்சாரம் இருக்கும். ஆனால் அது ஒரே திசையில் நில்லாமல், வினாடிக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறித் துடித்துக்கொண்டே இருக்கும்; அந்தத் துடிப்பின் நீளந்தான் செய்தி. ஒரு பாதித் துடிப்பு 58 மைக்ரோ வினாடி நீடித்தால் அது 'ஒன்று'. 100 மைக்ரோ வினாடியோ அதற்கு மேலோ நீடித்தால் 'சுழி'. ஒன்றும் சுழியும் சேர்ந்து ஒரு கட்டளை ஆகும்: முதலில் 'கவனி' என்று எச்சரிப்பதற்காக வரிசையாகச் சில ஒன்றுகள், பிறகு எந்த எஞ்சினுக்கு என்று ஓர் எண், பிறகு செய்ய வேண்டிய காரியம், கடைசியில் செய்தி பழுதின்றி வந்து சேர்ந்ததா என்று சரிபார்ப்பதற்கு இன்னொரு எண். ஒவ்வொரு எஞ்சினுக்குள்ளும் டீகோடர் என்ற தபால்தலையளவுச் சில்லு ஒன்று உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறது. ரேஷன் கடை வாசலில் கார்டு எண்ணைக் கூப்பிடும்போது கூட்டம் முழுவதும் காது கொடுத்தாலும், அந்த எண்ணுக்குரியவர் மட்டுமே பையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருப்பது போல, கட்டளை எல்லா எஞ்சின்களுக்கும் போய்ச் சேர்ந்தாலும் உரிய எஞ்சின் மட்டுமே நகர்கிறது. சரிபார்க்கும் எண் பொருந்தவில்லையென்றால் அதுவும் நகராது; சந்தேகத்துக்கிடமான உத்தரவைச் செவிமடுக்காமல் அடுத்ததற்குக் காத்திருக்கும். இந்த விவேகம் மனிதர்களில் எத்தனை பேருக்கு உண்டென்று கேட்கத் தோன்றுகிறது, கேட்காமல் விடுகிறேன்.

விலைக்கு வாங்கும்போதே டீகோடர் பொருத்தி வரும் எஞ்சின்கள் இப்போது இருக்கின்றன. அவற்றை வாங்கி ஓட்டினால் அரைமணி நேரத்தில் அலுப்புத் தட்டிவிடும். வித்தை இருப்பது, டீகோடர் இல்லாத பழைய எஞ்சினைத் திறந்து, டீகோடருக்கு இடம் பண்ணுவதில்தான். மேல்மூடியை எடுத்தால் உள்ளே ஒரு சிறு மோட்டார், அதன் இருபுறமும் கார்பன் பிரஷ், சக்கரத்திலிருந்து மின்சாரத்தை வாங்கிவரும் பித்தளைத் தகடுகள். பழைய எஞ்சின்கள் பலவற்றில் ஒரு பக்கத்துப் பிரஷ் நேராக இரும்புச் சட்டத்தையே தொட்டுக்கொண்டிருக்கும். ஒரு தண்டவாளத்தின் மின்சாரம் சட்டத்தின் வழியாக மோட்டாருக்கு நேரே போய்விடும். அப்படியே விட்டு டீகோடரைப் பொருத்தினீர்களானால், மின்சாரம் கொடுத்த கணத்தில் ஒரு சிறு புகை எழும். அத்தோடு டீகோடரின் கதை முடிந்தது. ஆகவே முதல் காரியம் மோட்டாரைச் சட்டத்திலிருந்து அறவே பிரிப்பது: தொடும் இடத்தில் நைலான் துண்டோ டேப்போ வைத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை மோட்டாரிலும் மறுமுனையைச் சக்கரத்திலும் வைத்து, 'பீப்' என்ற சத்தம் எந்தப் பக்கமும் கேட்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பின்னரே சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்க வேண்டும். சிவப்பும் கறுப்பும் சக்கரங்களுக்கு, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்குக்கு, மஞ்சள் பின்விளக்குக்கு, நீலம் விளக்குகளுக்குப் பொதுவானது. பொதுத் தரத்தைப் பின்பற்றும் டீகோடர்களில் நிறங்கள் எங்கும் ஒன்றே. ஜப்பானில் செய்த எஞ்சினுக்குள் ஜெர்மன் டீகோடரைத் திருவண்ணாமலைப் பையன் ஒருவன் பொருத்துவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை என்பது பொதுத் தரத்தின் பெருமை.

இவ்வளவும் முடிந்ததும் எஞ்சினை முக்கியப் பாதையில் வைத்துவிடக் கூடாது. குறைந்த மின்சாரமே பாயும் சோதனைத் தண்டவாளத்தில் வைத்து, அதன் எண்ணைச் சொல் என்று கேட்க வேண்டும். புதிய டீகோடர் எதுவானாலும் 'மூன்று' என்று பதில் சொல்லும். பிறவியில் எல்லாவற்றுக்கும் எண் மூன்றுதான். பிறகு நாம் அதற்கு வேறோர் எண் வைக்கலாம். எண் மட்டுமா? டீகோடருக்குள் அடங்கிய பலவகை அளவைகளில் இரண்டாவதை மாற்றினால் எஞ்சின் எவ்வளவு மின்சாரத்தில் முதல் அசைவு அசைய வேண்டும் என்று விதிக்கலாம். மூன்றாவதால் அது எவ்வளவு நிதானமாக வேகம் பிடிக்க வேண்டும் என்றும், நான்காவதால் எவ்வளவு தூரம் உருண்டு வந்து நிற்க வேண்டும் என்றும் தீர்மானிக்கலாம். ஏற்றம் வந்தால் எஞ்சின் திணறாமல் இருக்க, டீகோடர் மோட்டாருக்கு மின்சாரம் கொடுப்பதைக் கண்ணிமைப்பதற்கும் குறைந்த நேரம் நிறுத்திவிட்டு, சுழலும் மோட்டார் தானே உண்டாக்கும் மின்னழுத்தத்தை அளந்து, வேகம் குறைந்திருக்கிறது என்று கண்டால் சற்றுக் கூடுதலாகக் கொடுக்கிறது. இவ்வளவையும் பாடப்புத்தகத்தில் 'பின்னூட்டக் கட்டுப்பாடு' என்று ஒரு பத்தியில் படித்து மனப்பாடம் பண்ணிப் பரீட்சையில் எழுதிவிட்டு மறந்துபோகும் மாணவன், தான் சால்டர் வைத்த எஞ்சின் ஏற்றத்தில் தானாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏறுவதை ஒரு தடவை பார்த்துவிட்டால் ஆயுள் உள்ளளவும் மறக்கமாட்டான்.

மீட்டர்கேஜைச் சிற்றுருவாக்குவதில் நமக்கு ஒரு சௌகரியமும் இருக்கிறது. உலகத்தில் அதிகமாகப் புழங்கும் எச்.ஓ. அளவு என்பது 87இல் ஒரு பங்கு. அதன் தண்டவாளத்துக்கு இடைவெளி 16.5 மில்லிமீட்டர். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் பத்தொன்பதுக்கு மேல் வரவேண்டும். ஆகவே அகலப்பாதை எஞ்சினை அந்தத் தண்டவாளத்தில் நிறுத்தினால், நெடிய மனிதர் ஒருவர் காலை ஒடுக்கி நிற்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். மீட்டர்கேஜுக்கோ 87ஆல் வகுத்தால் பதினொன்றரை; சுவிட்சர்லாந்தின் மீட்டர்கேஜ் வண்டிகளுக்காக உலகச் சந்தையில் கிடைக்கும் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் அதற்கு ஏறக்குறையப் பொருந்துகிறது. அங்கிருந்து ஓட்டும் அடிச்சட்டத்தை வாங்கி, அதன்மேல் டாட்டா கம்பெனியின் டெல்கோ செய்த ஒய்.பி. நீராவி எஞ்சினின் உடலையோ, ஒய்.டி.எம்.-4 டீசலின் உடலையோ வரைபடம் போட்டு முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் வார்த்து உட்கார்த்த வேண்டியது. மீட்டர்கேஜ் பெட்டி ஒன்று இந்த அளவில் சரியாக ஒரு சாண் நீளம்.

எந்தக் காலத்தைக் காட்டுவது என்ற கேள்வி எழும். பக்தர்கள் 1896ஐத்தான் விரும்புவார்கள். என் வோட்டு 1970க்கு. அக்காலத்து விழுப்புரம் ஜங்ஷனில் நீராவியும் டீசலும் மின்சாரமும் மூன்றும் மீட்டர்கேஜில் ஒன்றாக நின்றன. உயரழுத்த மாறுமின்சாரத்தில் ஓடிய ஜப்பானிய ஒய்.ஏ.எம்.-1 எஞ்சின்கள் சென்னைக் கடற்கரையிலிருந்து அங்கே வரைக்கும் வந்து நின்றன. இந்திய மீட்டர்கேஜில் அத்தகைய மின்பாதை வேறெங்கும் இல்லை. அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: 1896ஐப் பற்றி நாம் ஊகந்தான் செய்ய முடியும், 1970இன் எஞ்சினை ஓட்டியவர்களும், கரி அள்ளிப் போட்டவர்களும், கொடி காட்டியவர்களும் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கூடத்துக்கு வந்து, 'ஒய்.பி. இப்படித் துள்ளிக்கொண்டு கிளம்பாது தம்பி, பத்துப் பெட்டி பின்னால் இருக்கிறதே' என்று சொன்னால், பையன் மூன்றாவது அளவையைக் கூட்டி, மறுபடியும் கிளப்பிக் காட்டி, 'இப்போது சரியா, ஐயா?' என்று கேட்பான். இப்படிக் கேட்கும் ஓர் இடம் இல்லாமையால் எவ்வளவு அறிவு வீட்டுத் திண்ணைகளில் வீணாகிக்கொண்டிருக்கிறது! ஒலிக்கும் இதே விதி. எங்கிருந்தோ இறக்குமதி செய்த ஆங்கிலேய எஞ்சினின் ஊதல் சத்தத்தை ஒய்.பி.யின் வாயில் வைத்து யாராவது ஊதவிட்டால், நான் எதிர்ப்புத் தெரிவித்து முதல் கடிதம் எழுதுவேன்.

டிஜிட்டல் முறையைப் புகழ்ந்துகொண்டே போகிறேன். அதில் உள்ள அபாயத்தையும் சொல்லியாக வேண்டும். பழைய முறையில் ஒரே துண்டுப் பாதையில் இரண்டு எஞ்சின்கள் நின்றால் இரண்டும் ஒரே பக்கமாகவே போகும். எதிரும் புதிருமாக மோதிக்கொள்ள வழியில்லை. டிஜிட்டல் முறையில் ஒவ்வொன்றுக்கும் சுதந்திரம் உண்டாகையால் மோதிக்கொள்ளவும் சுதந்திரம் உண்டு. திருவண்ணாமலைப் பாதையோ ஒற்றைப் பாதை. ஆகவே இந்திய ஒற்றைப் பாதைகளில் நெடுங்காலம் புழங்கிய பந்து டோக்கன் முறையையும் கூடத்தில் சேர்க்க வேண்டும்: அடுத்தடுத்த இரண்டு ஸ்டேஷன்களில் கம்பியால் இணைத்த இரண்டு பெட்டிகள், மாம்பழப்பட்டு மாஸ்டர் மணியடித்துக் கேட்டு, எதிர் ஸ்டேஷன் மாஸ்டர் சம்மதித்தாலன்றி இரும்புப் பந்து வெளியே வராது, ஒரு பந்து வெளியே வந்துவிட்டால் அது மறுமுனைப் பெட்டிக்குள் போய்ச் சேரும் வரையில் இன்னொன்று வராது, பந்து கையில் இல்லாத டிரைவர் வண்டியை எடுக்கமாட்டார். பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளில் இருவரை ஸ்டேஷன் மாஸ்டராக உட்கார வைத்துவிட்டால், பிரேக்கைவிடப் பேச்சு முக்கியம் என்பதை அவர்கள் பத்து நிமிஷத்தில் புரிந்துகொள்வார்கள். இந்தப் பெட்டிகளைச் செய்வதற்கு ஆர்டுயினோ என்னும் சில நூறு ரூபாய்ச் சில்லு போதும். இன்னும் சொல்லப்போனால், ரயில்களுக்குக் கட்டளை அனுப்பும் தலைமை நிலையத்தையே அதே சில்லைக் கொண்டு செய்துவிடலாம்; அதற்கான மென்பொருளைச் சில அன்பர்கள் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்திக்கொள்ளும்படி இலவசமாகவே விட்டிருக்கிறார்கள்.

செலவைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு மறைக்காமல் சொல்கிறேன். ஒலி எழுப்பும் டீகோடர் ஒன்று ஒரு சாதாரணக் கைபேசியின் விலை பிடிக்கும். வெளிநாட்டுப் பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020இல் நூற்றுக்கு இருபதிலிருந்து அறுபதாகவும், 2023இல் எழுபதாகவும் ஏறிற்று. முழு ரயிலையும் இறக்குமதி செய்து அலங்கரிக்க நினைத்தால் வரியே கண்ணைக் கட்டும். உள்நாட்டில் செய்ய வேண்டும் என்பதுதான் அந்த வரியின் நோக்கமானால், செய்யக் கற்றுக்கொடுக்கும் இடத்துக்கும் அரசு கொஞ்சம் பணம் ஒதுக்குவதே நியாயம். எப்படியும் மேடையெஞ்சினுக்குச் சிமெண்டும், கண்ணாடிப் பெட்டிக்குக் கண்ணாடியும் வாங்கச் செலவாகத்தான் போகிறது.

'நாற்பதாயிரம் பேர் கிரிவலம் வருகிற ஊரில் கழிப்பிடத்துக்கும் குடிநீருக்கும் வழி பண்ணுங்கள், ரயில் பொம்மை பிறகு பார்க்கலாம்' என்று ஒரு நண்பர் சொன்னார். தொகையை அவர் மிகவும் குறைத்துச் சொன்னாரே தவிர, சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒரு கூடத்தின் பணத்தை மிச்சம் பிடித்து இதுவரை எந்த ஊரிலும் குழாயில் தண்ணீர் வந்ததாகத் தெரியவில்லை. தவிரவும், இந்த ஊருக்கு வருகிறவர்களுக்கு மட்டுமல்லாமல் இந்த ஊரிலேயே பிறந்து வளரும் பிள்ளைகளுக்கும் ஏதாவது ஒன்று இங்கே இருக்க வேண்டாமா? ஆசிரமத்துக்கு முன்னால் ஓடும் செங்கம் சாலையில் ஒரு பையன் கற்றுக்கொள்ளக்கூடிய தொழில் இன்று ஆட்டோ ஓட்டுவதும் அறை வாடகைக்குப் பிடித்துக் கொடுப்பதுமாகச் சுருங்கிக்கொண்டு வருகிறது. ஆசிரமத்தின் மூலபுருஷரோ தேங்காய்ச் சிரட்டையைத் தேய்த்துப் பளபளக்க வைப்பதிலும், கைத்தடி இழைப்பதிலும், புத்தகத்துக்கு பைண்டு போடுவதிலும் கைத்தொழிலாளி எவருக்கும் இளைத்தவரல்லர்; கையால் செய்யும் வேலையை இந்த மலையடிவாரத்தில் யாரும் தாழ்வாக நினைக்க நியாயமில்லை.

இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விழுப்புரத்திலிருந்து இங்கே வரைக்கும் உள்ள ஏறத்தாழ 67 கிலோமீட்டரை 87இல் ஒரு பங்காக்கினாலும் முக்கால் கிலோமீட்டருக்கு மேல் போகும். எந்தக் கூடமும் கொள்ளாது. ஆகையால் விழுப்புரம் ஜங்ஷன், மாம்பழப்பட்டு, பாறைமேல் கோயிலோடு அறையணிநல்லூர், திருவண்ணாமலை என்ற நான்கு இடங்களை மட்டும் சிரத்தையோடு செய்து, இடைப்பட்ட வயல்வெளியைச் சுருக்கிவிடலாம். அருணாசல மலையை மட்டும் செய்ய வேண்டாம். 2669 அடி மலையை அதே அளவில் குறைத்தால், ஊர்த்தரையின் உயரத்தைக் கழித்துவிட்டாலும், இருபது அடிக்கு மேல் வரும். கூரைக்கு அடங்கும்படி நறுக்கி வைத்தால் பார்க்கிற பக்தனுக்கு மனம் பொறுக்காது. கூடத்தை ஆசிரமப் பக்கத்தில் கட்டி, திருவண்ணாமலை ஸ்டேஷனை வடக்குச் சுவர் ஓரத்தில் அமைத்து, அந்தச் சுவரில் பெரிய ஜன்னல் ஒன்று வைத்துவிட்டால், மலை தானாகவே வந்து நின்றுவிடும். திசை சற்றுப் பிசகும். ஸ்டேஷனிலிருந்து பார்த்தால் மலை மேற்கே இருக்க வேண்டும் என்று விவரம் தெரிந்தவர்கள் குறை சொல்வார்கள், சொல்லட்டும். ஜன்னலுக்குக் கம்பிவலை அவசியம். இந்தப் பகுதிக் குரங்குகளுக்கு ஒரு சாண் நீளப் பெட்டி கையில் கிடைத்தால் அது மறுபடியும் தண்டவாளத்துக்குத் திரும்பாது.

கடைசியாக, இதற்கு அனுமதி கொடுக்கப் போகிற அதிகாரிகள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது பராமரிப்பு. கட்டளையும் மின்சாரமும், சக்கரமும் தண்டவாளமும் தொடும் ஊசிமுனை இடத்தின் வழியாகவே போயாக வேண்டியிருப்பதால், அந்த இடத்தில் ஒரு மெல்லிய தூசுப்படலம் உட்கார்ந்தால் போதும், எஞ்சின் நடுவழியில் நின்று விளக்கை மினுக்கும். செங்கம் சாலையின் புழுதி பிரசித்தமானது. தினந்தோறும் கூடம் திறப்பதற்கு முன்னால் ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் தண்டவாளம் முழுவதையும் துடைப்பதற்கு ஒருவருக்குச் சம்பளமும், உடைந்த டீகோடருக்குப் பதில் வாங்குவதற்கு வருஷாந்தரம் ஒரு தொகையும், பணிமேஜையை மூடிவைக்காமல் மாணவர் கையில் விட்டுவைப்பதற்கு ஓர் உத்தரவும் முதல் கோப்பிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். அவை இல்லாமல் திறப்புவிழாவுக்குத் தேதி குறிப்பதாக இருந்தால், என் பெயரை அழைப்பிதழில் போட வேண்டாம்.